வலது பக்கத்து மட்காடு

சித்த அக்கட்டால நகந்துக்குங்க கண்ணு. இந்த மூட்டையைக் கீழ வைக்க முடியாது, மடியிலதான் வெச்சுக்கணும். உங்க முழங்கையில இடிச்சாச் சொல்லிப்போடுங்க, திருப்பி வெச்சுக்கறேன்.

என்னன்னுதானே பாக்கறீங்க? கேளுங்க, தப்பில்ல. உக்கடத்துல ஏறும்போதே கண்டக்டர் கேட்டாச்சு, தொட்டிலுங்களாம்மான்னு. போர்வையில சுத்தி வளைவா இருக்குதில்ல, அதனால அப்படித் தோணியிருக்கும். எனக்கு அம்பத்தொம்பது வயசு, எனக்கு எதுக்குங்க தொட்டிலு? சக்கரத்துக்கு மேல மூடற மட்காடுன்னு சொன்னேன். எந்தக் கம்பெனி வண்டியோடதுன்னாரு. கம்பெனியெல்லாம் இல்லீங்க, வீட்டுல பண்ணுன காருன்னேன். அதுக்கு மேல அவரு கேக்கல. ஒரு மாதிரி பாத்துப்போட்டு, உள்ள போங்கன்னுட்டாரு.

நீங்க அப்படிப் பாக்கல. அதனால சொல்றேன்.

உடுமலைக்கு, எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். கோவிச்சுட்டுப் போறேன். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துல இது மூணாவது தடவை. மொத ரெண்டு தடவையும் பொட்டி நிறையத் துணியோட போனேன், அவரு சாவகாசமா ஒரு வாரம் கழிச்சு வந்து கூப்புட்டாரு. இந்தத் தடவை மாத்துச் சீலை கூட எடுக்கல. இது ஒண்ணைத்தான் கழட்டி எடுத்துட்டு வந்திருக்கேன். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வருவாரா இல்லையா பாருங்க.

எங்க வீட்டுக்காரரு பேரு குழந்தைவேலு. பேரைச் சொல்லக்கூடாதும்பாங்க, கோவத்துல சொல்லலாம். கணபதி ஏரியாவுல ஒரு பம்பு மோட்டார் பட்டறையில முப்பத்தோரு வருசம் ஃபிட்டரு. ரிட்டையரான அன்னைக்கு மாலை போட்டு, சால்வை போட்டு அனுப்பி வெச்சாங்க. அந்தச் சால்வையை நான் மடிச்சு வெக்கறதுக்குள்ள, ஒரு காரு பண்ணப்போறேன்னாரு. வாங்கப்போறேன்னு என் காதுல விழுந்துச்சு. நல்லதுங்க, சின்னதாப் பாருங்கன்னு சொல்லிப்போட்டேன். அப்புறமேட்டுக்குத்தான் தெரிஞ்சுது, வாங்கறதில்ல, பண்றதுன்னு.

ரோட்டுல ஓட்ட முடியுமான்னு கேட்டேன். அதுக்கு நம்பர் வாங்கறது லேசில்லையாம். அப்ப எதுக்குங்க பண்றீங்கன்னேன். எல்லாமே ரோட்டுக்குத்தான் பண்றாங்களான்னு திருப்பிக் கேட்டாரு.  

ரெண்டு பேரு உக்கார்ற வண்டி. பழைய வேன் ஒண்ணுத்தோட இஞ்சினு. சட்டமெல்லாம் அவரே வெல்டு அடிச்சாரு. அதைக் குத்தம் சொல்லமாட்டேன் கண்ணு, இரும்புன்னா அவருக்குத் தண்ணி பட்ட பாடு. நேரா எது வேணாலும் பண்ணுவாரு, கோணம் வெச்சு எது வேணாலும் பண்ணுவாரு. வளைவுதான் வராது. மனுசனே அப்படித்தான், விடுங்க.

வண்டியோட பக்கவாட்டு, கதவு, பின்பக்கம் எல்லாம் ஒரு வழியா வந்துருச்சு. எல்லாம் தட்டைத் தகடு. முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கு மேலயும் மட்காடு வரணும் பாருங்க, அங்கதான் நின்னு போச்சு. அந்தக் காலத்து வண்டிக மாதிரி உருண்டு திரண்டு, சக்கரத்தைப் பொத்திக்கிட்டு இறங்கணுமாம். ஒரு டிங்கரைக் கூட்டியாந்து காட்டுனாரு. அவரு சுத்தி வந்து பாத்துப்போட்டு, நசுங்குனதை எடுக்கத்தாங்க எனக்குத் தெரியும், இல்லாததை எப்படிங்க எடுக்கறதுன்னு கெளம்பிட்டாரு.

அப்புறம் இவரே இறங்குனாரு. அலுமினியத் தகட்டை நெருப்புல காட்டி இளக்கிப்போட்டுத்தான் அடிக்கணும். அதுக்கு ஒரு வழி இருக்குது கண்ணு. தகட்டு மேல சோப்பைத் தேய்ச்சுட்டுத் தீயைக் காட்டுனா, சோப்பு பழுப்பாகி அப்படியே கறுத்து வரும். கறுத்துச்சா, நிறுத்திப்போடணும். அந்தச் சூடு போதும். இவரு நிறுத்தமாட்டாரு. இன்னும் சித்த, இன்னும் சித்தன்னு காட்டுவாரு, தகடு தொபுக்குன்னு ஓட்டையாயிரும். நாலு தகடு அப்படிப் போச்சு. சோப்பும் என்னோட குளிக்கற சோப்பு.

ஓட்டையாகாத தகட்டை அடிப்பாரு பாருங்க அடி. தெருவுக்கே கேக்கும். பக்கத்து வீட்டுல ஜைபுன்னு ஒரு புள்ள இருக்கறா. ஜைபுன்னிசா. புள்ளைன்னா நாப்பது வயசாச்சு, எனக்குப் புள்ளைதான். வீட்டோட தையல் கடை வெச்சிருக்கறா. இவரு இங்க ஒரு அடி அடிச்சா அங்க அவளுக்குத் தையல் கோணிக்குது. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் சண்டைக்கு வந்தா. வந்தவ அந்தத் தகட்டைப் பாத்துட்டு சண்டையை மறந்துபோட்டா.

"அண்ணா, இழுத்துட்டே இருந்தா எப்படி வரும்? சுருக்கு வைக்க வேண்டாமா?"ன்னு கேட்டா.

இவரு சிரிச்சாரு. இது என்ன பாவாடையா சுருக்கு வைக்கன்னாரு.  ப்ளைவுட்டுல மட்காட்டுக்கு ஒரு எலும்புக்கூடு பண்ணி வெச்சிருந்தாரு, அது மேல அவ ஒரு நியூஸ்பேப்பரை விரிச்சு, ரெண்டு கையாலயும் நீவி விட்டா. பேப்பரு ஓரத்துல கொசுவம் கொசுவமா மடங்குச்சு. நடுவுல விறைச்சுக்கிட்டுக் கிழிஞ்சுது. மடங்குன எடத்துலயெல்லாம் தகட்டைச் சுருக்கணும், கிழிஞ்ச எடத்துலயெல்லாம் விரிக்கணும், அவ்வளவுதாண்ணான்னு தையல் சாக்பீசால குறி போட்டுக் கொடுத்துட்டுப் போயிட்டா.

அதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. பேப்பரை வளைவு மேல போட்டா மடங்கத்தான் செய்யும். யாரு போட்டாலும் மடங்கும்.

அந்தச் சமயம் பாத்து அவருக்கு சிக்குன்குனியா வந்துருச்சு. காய்ச்சல் நாலு நாள்ல போச்சு, மூட்டு வலி போகல. டம்ளரைப் பிடிக்க முடியல, சுத்தியலை எங்க பிடிக்கறது? போர்ட்டிகோவுல பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கிட்டு, மட்காடு இல்லாத வண்டியையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. வண்டி பல்லுக் கட்டாத வாயி மாதிரி இவரைப் பாக்கும். நான் அவரு மேல இரக்கப்பட்டெல்லாம் சுத்தியலை எடுக்கல கண்ணு, அப்படி நெனைச்சுக்காதீங்க. அந்தப் போர்ட்டிகோவுலதான் என்னோட துணிக்கொடி இருந்துச்சு. வேலை முடிஞ்சாக் கொடி திரும்பக் கெடைக்குமேன்னுதான் எடுத்தேன்.

நான் மில்லுல நூல் சுத்தற கோன் வைண்டிங்ல இருபத்திரண்டு வருசம் இருந்தவ. வரிசையா ஓடற மெசின்ல எது மக்கர் பண்ணுதுன்னு திரும்பிப் பாக்காமச் சொல்லுவேன், சத்தத்தை வெச்சே. தகடும் அப்படித்தானுங்க. அடியில ஒரு இரும்புக் கட்டியைப் பிடிச்சுக்கிட்டு மேல தட்டணும். கட்டி சரியா அடிக்கு நேரா இருந்துச்சுன்னா ணங்குன்னு கேக்கும். விலகியிருந்தா டொப்புன்னு கேக்கும். இவரு முப்பத்தோரு வருசம் பட்டறையில இருந்து அந்த டொப்புக்கும் ணங்குக்கும் வித்தியாசம் தெரியாம அடிச்சிருக்காரு. நான் ஒரு வாரத்துல பிடிச்சுட்டேன்.

மொதல்ல மணல் பை மேல தகட்டை வெச்சு மரச் சுத்தியால குழி விழற மாதிரி அடிக்கணும். அந்தப் பை ஜைபு தைச்சுக் கொடுத்தது. ஜீன்ஸ் துணியில ரெண்டு மடிப்பு வெச்சு, மணல் கசியாத மாதிரி. அதுக்கு முன்னாடி இவரு வெச்சிருந்த பை ஒவ்வொரு அடிக்கும் மணலைக் கக்கும். சரி, பைதானே. தையல்காரிக்குப் பை தைக்கறது ஒரு வேலையா?

ரெண்டு மாசம் அடிச்சேன். காலையில சமையலை முடிச்சுட்டு ஆரம்பிப்பேன். மதியம் ரெண்டு மணியானா ஜைபு மெசினை நிறுத்திப்போட்டு வந்துருவா. நான் பண்ணுன எடத்துல ஒரு பழைய பட்டுத்துணியைப் போட்டு, கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கையால தடவுவா. இங்க மேடுக்கா, இங்க பள்ளம்க்காம்பா. நான் அந்த எடத்தைத் தட்டுவேன். மறுபடியும் தடவுவா. எனக்கும் தெரியும், தெரியாமயில்ல. ஆனாக் கிட்டத்துலயே உக்காந்து அடிக்கறவங்களுக்குக் கை மரத்துப் போயிருமில்லீங்களா, அதுக்குத்தான். நாலு மணி வரைக்கும் இருப்பா. அப்ப ரம்ஜான் வர்ற சமயம், வீட்டுல துணி மலையாட்டம் குமிஞ்சு கிடந்துச்சு. நோம்பு வேற. ஆனா ஒரு நாள் தவறாம வந்துருவா. அவளுக்கும் பொழுது போகணுமில்லீங்க?

அவரு சேர்ல உக்காந்துட்டு, அப்படி அடி இப்படி அடின்னு சொல்லுவாரு. நாங்க ரெண்டு பேரும் காதுலயே போட்டுக்கமாட்டோம்.

முடிஞ்ச அன்னைக்கு நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, தூக்கி வண்டி மேல வெச்சோம். உக்காந்துச்சு கண்ணு. ஒரு விரக்கடை இடைவெளி இல்ல. அவரு சேரைவிட்டு எந்திரிச்சு வந்தாரு. அந்த வலிக்கற விரலால மேலருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை தடவுனாரு.  உள்ள போயிட்டாரு. நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை. சொன்னாத்தான் என்னங்க? சொல்லமாட்டாரு. அடுத்த நாள் காலையிலருந்து, பனியனைத் தண்ணியில நனைச்சுக்கிட்டு வந்து அந்த மட்காட்டைத் துடைப்பாரு. தினமும். கைவலியோட. எல்லாம் தன்னோடதுங்கற நெனைப்பு.

கை சரியானதும் இடது பக்கத்தை அவரே பண்ணுனாரு. நானே பண்றேன்னேன், விடல. ஜைபு குறி போட்டுத் தர்றேன்னா, அதுவும் வேண்டாம்னுட்டாரு. பண்ணி மாட்டுனாரு. ஒண்ணும் சொல்றதுக்கில்ல, சக்கரத்தை மறைக்குது. ஆனா முன்னாடி நின்னு பாத்தீங்கன்னா வண்டிக்கு ஒரு பக்கம் மட்டும் கடவாப்பல்லு வலி வந்து வீங்குன மாதிரி இருக்கும். தெருக்காரங்க பாத்துட்டு, வலது பக்கம் யாரு பண்ணுனதுன்னுதான் கேப்பாங்க. இடது பக்கத்தைப் பத்தி யாரும் கேக்கமாட்டாங்க, மரியாதை கருதி. நான்தாங்க பண்ணுனேன்னு சொல்லுவேன். ஜைபுவும் பக்கத்துலதான் நிப்பா. ஆமாங்க, அக்காதான்னு சிரிச்சுட்டே தலையாட்டுவா. நல்ல புள்ள.

இப்ப விசயத்துக்கு வர்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு காலேஜ் கிரவுண்டுல, வீட்டுலயே பண்ணுன வண்டிகளை மட்டும் வெச்சுக் காட்டறாங்க. வண்டியை டெம்போவுல ஏத்திட்டுப் போயி, அங்க ஒரு ரவுண்டு ஓட்டலாமாம். அதை நடத்தறவங்கள்ல ஒரு தம்பி செவ்வாக்கிழமை வந்து வீடியோ எடுத்துச்சு. வண்டியைச் சுத்திச் சுத்தி எடுத்துச்சு. நேரா வலது பக்கம் வந்து நின்னுச்சு. கேமராவைக் கீழ எறக்கிப்போட்டு, கையால தடவிப் பாத்துச்சு. "சார், இது மெசின்ல பண்ணுனதுங்களா?"ன்னு கேட்டுச்சு. நான் காப்பித் தட்டத்தோட நாலடி தள்ளி நிக்கறேன்.

இவரு சொல்றாரு: "மெசினா? நம்ம கை வேலைதானுங்க தம்பி."

நம்ம கை. கேட்டீங்களா? அந்தத் தம்பி என்னைப் பாக்குமா? இவரு கையைத்தான் கேமராவுல பிடிச்சுச்சு. அந்தக் கையை இவரும் நல்லா விரிச்சுக் காட்டறாரு. நான் காப்பியைக் கொடுத்தேன். அந்தத் தம்பி, சக்கரை கம்மியா இருக்குங்கம்மான்னுச்சு.

அது போனதும் கேட்டேன். நான் பண்ணுனதை நீங்க பண்ணுனேன்னு எப்படிங்க சொல்லலாம்னேன். நான் எங்க அப்படிச் சொன்னேன், நம்மன்னுதானே சொன்னேன், நம்மன்னா அதுல நீயும்தானேன்னாரு. நல்லாருக்குங்களா ஞாயம்? நம்ம ஊர்ல நம்மன்னா யாருன்னு எனக்குத் தெரியாதா? நம்ம தோட்டம்பாங்க, நம்ம மில்லும்பாங்க, அதுல எனக்கும் உங்களுக்கும் பங்கு இருக்குதுங்களா? ஒருத்தரு வேலையை மூடி மறைக்கறதுக்கு அந்த நம்மங்கற வார்த்தை மாதிரி போர்வை கெடையாது கண்ணு.

சரி, அந்தத் தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போடுங்கன்னேன். சொல்றேன்னாரு. நேத்து முச்சூடும் சொல்றேன், சொல்றேன். இன்னைக்குக் காலையில வீடியோ வந்துருச்சு. ஒரு மனிதரின் கைகள்னு தலைப்பு. என் மொகம் எங்கயும் இல்ல. காப்பி டம்ளரு மட்டும் வருது.

அவரு முடி வெட்டிக்கப் போயிருந்தாரு, ஞாயித்துக்கிழமைக்காக. நான் ஸ்பானரை எடுத்தேன். ஆறு போல்ட்டு. அஞ்சு கழண்டுச்சு, ஆறாவது பிடிச்சுக்கிச்சு. தேங்காயெண்ணெய் விட்டுக் கழட்டுனேன். ஆறையும் வரிசையா அவரு உக்கார்ற சேர் மேல வெச்சுட்டு வந்துட்டேன். இடது பக்கத்தை மட்டும் வெச்சுக்கிட்டு காலேஜ் கிரவுண்டுல ரவுண்டு அடிக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்.

இல்லீங்க, எடுத்துட்டு வந்ததை ஜைபுகிட்டச் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? இது எனக்கும் அவருக்கும் உள்ளது. ஏன் கேக்கறீங்க? அவ வேலையா? அதான் சொன்னேனே, அவ கூடமாட இருந்தா. பேப்பரு, பை, தடவிப் பாத்தது. அடிச்சது நான். ஒவ்வொரு அடியும் நான் அடிச்சது. தெருவுல சொன்னப்ப அவளே தலையாட்டுனாளே, அவளுக்கு வருத்தம்னா சொல்லியிருக்கமாட்டாளா? நீங்க ஆபீசுல வேலை பாக்கறீங்களா கண்ணு? அதான், கேள்வியெல்லாம் அப்படி வருது.

இருங்க, போன் அடிக்குது. அவராத்தான் இருக்கும். ஏழு தடவை அடிச்சாச்சு, எடுக்கமாட்டேன்.

ஜைபு.

ஒரு நிமிசம் கண்ணு.

என்ன ஜைபு... பஸ்ஸுல... ஆமா, எங்கிட்டத்தான் இருக்குது... பாத்தியா?... நீ எதுக்கு அவருகிட்டச் சண்டை போட்டே?... ம்... அவரு என்ன சொன்னாரு?... ம்... இல்ல, அழுகல, பஸ் சத்தம்... என்னது?... ஞாயித்துக்கிழமையா?... விடுவாங்க. ஏன், எல்லாரையும்தான் உள்ள விடுவாங்க... சரி. சரி, வெச்சுடறேன்.

...

ஒத்தக்கால் மண்டபம் தாண்டிருச்சுங்களா? ம்.

ஒண்ணுமில்ல. வீடியோவைப் பாத்திருக்கறா. பாத்துட்டு நேரா எங்க வீட்டுக்குப் போயி, அக்கா பேரை எப்படிண்ணா விட்டீங்கன்னு அவரை நிக்க வெச்சுக் கேட்டிருக்கறா. மட்காட்டைக் காணம்னு யாரோ சொல்ல, அவரு அரை முடி வெட்டுனதோட ஓடியாந்து, அந்த ஆறு போல்ட்டையும் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காராம். அவரு முன்னாடியே அந்தத் தம்பிக்கு இவளே போனும் போட்டிருக்கறா, எடுக்கலையாம்.

அது இல்ல கண்ணு. கடைசியா ஒண்ணு கேட்டா. "அக்கா, ஞாயித்துக்கிழமை காலேஜுக்குள்ள வெளியாளுக வந்து பாக்கலாமா? கேட்டுல நின்னு பாத்தாலும் போதும்"னு கேக்கறா.

வெளியாளு.

அவளை யாரும் கூப்புடவேயில்ல பாருங்க. ரெண்டு மாசம் நம்ம வீட்டுல வந்து நின்னிருக்கறா, ஒரு வார்த்தை, வாம்மான்னு. அவரு சொல்லியிருக்கணுமில்ல? அவருக்கு எப்பவுமே அப்படித்தான், மத்தவங்களைப் பத்தி ஒரு...

...

என்ன பாக்கறீங்க?

ஆமா. நானும் சொல்லல. டெம்போவுக்குச் சொன்னேன், அக்காவுக்குப் போன்ல சொன்னேன், மில்லுல கூட இருந்தவங்களுக்கெல்லாம் சொன்னேன். செவுத்துக்கு அந்தாண்ட இருக்கறவளுக்குச் சொல்லல. அவதான் தினமும் வர்றாளே, தெரியும்னு நெனைச்சுட்டேன். தெரியறதும் கூப்புடறதும் ஒண்ணா?

அந்த மொத நாள் பேப்பரை விரிச்சாளே கண்ணு, அதுக்கு முன்னாடி நாலு தகடு போயிருச்சு. அவ வரலைன்னா நாப்பது தகடு போயிருக்கும். நானும் இவராட்டம்தான் அடிச்சுட்டு இருந்திருப்பேன், நல்ல சத்தமா.

கிணத்துக்கடவு எவ்வளவு தூரம்? அஞ்சு நிமிசமா? அங்க இறங்கிக்கறேன். எதிர்ல நின்னா உக்கடத்துக்கு பஸ் கெடைக்குமில்ல? அக்காவுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். அவ எனக்கு மதியச் சோறு வேற ஆக்கியிருப்பா. இருக்கட்டும், திட்டட்டும்.

அவருகிட்ட ராசியாகிட்டேன்னு நெனைக்காதீங்க. அது தனி. ஞாயித்துக்கிழமை ரவுண்டு போறப்ப அவரு ஓட்டட்டும், பக்கத்து சீட்டுல ஜைபு உக்காரட்டும். வண்டியில ரெண்டு சீட்டுதான். நான் கீழ நிக்கறேன். வலது பக்கமா நிக்கறேன்.

கண்ணு, உங்களுக்குப் போன்ல தமிழ் எழுத வருமில்ல? எனக்கு அந்தப் பொடி எழுத்தே கண்ணுக்குத் தெரியாது. இந்தாங்க, அந்த வீடியோத் தம்பி நம்பரு இதுல இருக்குது. எழுதுங்க. வணக்கம் தம்பி. வண்டியோட வலது பக்கத்து மட்காடு செய்தது ரெண்டு பேரு. சுலோச்சனா, ஜைபுன்னிசா. ஜைபுன்னிசாவுக்கு ரெண்டு சுழி ன. வீடியோவுல மாத்தவும்.

அவரு பேருங்களா? அவரு இடது பக்கம் பண்ணியிருக்காரே. யாராச்சும் கேட்டாப் பாத்துக்கலாம்.

கண்டக்டர், கிணத்துக்கடவுல ஆள் இறங்குது, சித்த நிறுத்திப் போங்க. இல்லீங்க, தொட்டில் இல்லீங்க.

அனுப்பிட்டீங்களா கண்ணு? இன்னும் இல்லையா? நல்லதாப் போச்சு, ஒரு நிமிசம். அவ பேரை முன்னாடி மாத்தி எழுதிப்போடுங்க. அவ வந்ததுக்கு அப்புறம்தானே எல்லாம்.

மாத்தியாச்சா? படிங்க பாப்போம்.

ம்.

இல்ல, எம்பேரே முன்னாடி இருக்கட்டும். வயசுல மூத்தவ நான்தானுங்களே. அனுப்பிப்போடுங்க.